மேல் எகிப்து ஏன் வரைபடத்தில் கீழே இருக்கிறது?

#1 அடுப்படி_அறிஞர்

ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு நாளை சமூக அறிவியல் பரீட்சை. எகிப்து வரைபடத்தில் இடம் குறிக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். மேல் எகிப்தை மேலே, மத்தியதரைக் கடலோரமாகக் குறித்தாள். கீழ் எகிப்தைக் கீழே. விடையைப் பார்த்தால் தலைகீழ். "மேல்னா மேலதானேம்மா?" என்று கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அவளுக்குச் சொல்வதுபோல யாராவது சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் ராஜாக்கள் பட்டியல்தான் வருகிறது.

#2 அஸ்வான்_ரிட்டர்ன்

அக்கா, சுலபம். மேல், கீழ் எல்லாம் ஆற்றை வைத்து. நைல் தெற்கே மேட்டு நிலத்தில் பிறந்து வடக்கே கடலில் விழுகிறது. மேட்டுப் பக்கம் மேல் எகிப்து, ஆறு கிளை பிரிந்து கடலில் கலக்கும் டெல்டாப் பக்கம் கீழ் எகிப்து. நாம் மேல்மடை, கீழ்மடை என்கிறோமே, அதே கணக்கு.

நான் அஸ்வானில் 4 வருஷம் மின்சார வேலையில் இருந்தேன். பாப்பாவுக்குப் பிடிக்கிற மாதிரி இன்னொன்று சொல்கிறேன். தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். காற்றோ வருஷத்தில் பெரும்பாலான நாள் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கும். தெற்கே போகணுமா, பாயை விரி, காற்று தள்ளும். வடக்கே வரணுமா, பாயைச் சுருட்டு, தண்ணீரே இழுத்துவரும். விடுமுறை நாளில் பெலூக்கா என்கிற பாய்மரப் படகில் போவோம். திரும்பி வரும்போது படகுக்காரர் பாயைக் கட்டிவிட்டு டீ போட ஆரம்பித்துவிடுவார்.

பழைய சித்திர எழுத்தில் 'தெற்கே போ' என்பதற்குப் பாய் விரித்த படகு, 'வடக்கே போ' என்பதற்குப் பாய் இல்லாத படகு.

#3 ஓய்வு_வாத்தியார்

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த மக்களுக்கு முன்பக்கம் என்றால் தெற்கு, ஆறு வரும் திசை. வலது கைக்கும் மேற்குக்கும் அவர்கள் மொழியில் ஒரே வேர்ச்சொல். இடதுக்கும் கிழக்குக்கும் அப்படியே. தெற்கு பார்த்து நின்று பாருங்கள், சரியாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கி.மு. 1500-ஐ ஒட்டி ஆண்ட முதலாம் துத்மோஸ் படையோடு யூப்ரடீஸ் ஆறு வரை போனான். அது வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அதைத் தன் கல்வெட்டில் என்னவென்று எழுதுவது? 'மேலே போகும்போதே கீழே போகும் தலைகீழ்த் தண்ணீர்' என்கிற பொருளில் எழுதிவைத்தான். ஓர் ஆறு தெற்கு நோக்கி ஓடும் என்பதே அவர்களுக்கு விசித்திரம்.

#4 அடுப்படி_அறிஞர்

சார், அந்தத் தலைகீழ்த் தண்ணீர் கதைக்கு மகள் ஐந்து நிமிஷம் சிரித்தாள். நன்றி!

அடுத்த கேள்வி. 'எகிப்து நைல் நதியின் நன்கொடை' என்று சொன்னவர் யார், ஏன்? 'யார்' என்பதற்கு ஹெரோடோடஸ் என்று எழுதிவிட்டாள். 'ஏன்' என்பதற்கு நைல் பாய்வதால் எகிப்து செழித்தது என்று ஒரு வரி. இவ்வளவுதானா?

#5 செம்மண்

இந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும் எனக்கு. நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியவன்தான். இப்போது விவசாயம் பார்க்கிறேன். நன்கொடையாம்! ஆறு தானாக வந்து வரப்பு போட்டுக் கொடுத்ததா? ஒரு முழம் அதிகம் வந்தால் ஊரே மிதக்கும், ஒரு முழம் குறைந்தால் பட்டினி. அதற்குப் பெயர் நன்கொடையா? ஆற்றங்கரையில் ஒரு போகம்கூட எடுக்காத ஆள் சொன்ன வார்த்தை.

#6 ஓய்வு_வாத்தியார்

செம்மண், கோபம் நியாயம், ஆனால் ஹெரோடோடஸ் மேல் கோபப்பட வேண்டாம். அவர் பேசியது முழு எகிப்தைப் பற்றி அல்ல. கிரேக்கர்கள் கப்பலில் வந்து இறங்கும் பகுதி, அதாவது டெல்டாவும் அதை ஒட்டிய நிலமும், ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் உண்டானது, ஆற்றின் கொடை என்றார். மண்ணியல்படி அது சரியான பேச்சு. பின்னால் வந்தவர்கள் அதை முழு நாட்டுக்கும் நீட்டி, நைல் கொடுத்தது, எகிப்தியன் வாங்கிக்கொண்டான் என்று ஆக்கிவிட்டார்கள்.

முழக் கணக்கு சொன்னீர்களே, அதற்கே ஒரு பட்டியல் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதியது: வெள்ளம் 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றால் அப்போதும் பசி, 14 மகிழ்ச்சி, 15 கவலையில்லை, 16 கொண்டாட்டம். எகிப்திய அரச முழம் நம் முழத்தைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் 52 செ.மீ. பஞ்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் தண்ணீர்தான்!

#7 அஸ்வான்_ரிட்டர்ன்

அஸ்வானில் எலிஃபன்டைன் தீவு இருக்கிறது. ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டுச் சுவரில் முழக் கோடுகள் செதுக்கியிருக்கும். நைலோமீட்டர் என்கிறார்கள். இப்போது அதில் ஏறி இறங்க எதுவும் இல்லை. உயர் அணையின் கட்டுமானத்தால் 1964-லிருந்தே வெள்ளம் தடுக்கப்பட்டுவிட்டது, 1970-ல் அணை முடிந்தது. எங்கள் சைட்டில் இருந்த வயதான காவலாளி ஒருவர் சின்ன வயதில் வெள்ளம் பார்த்தவர். தண்ணீர் முதலில் நிறம் மாறும், அப்புறம் செங்காவியாகும், அப்புறம்தான் உயரும் என்று கையால் காட்டுவார்.

அந்தச் செங்காவிதான் விஷயமே. வெள்ளை நைல் விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வருஷம் முழுக்க ஒரே சீராக வரும். வெள்ளமும் வண்டலும் பெரும்பாலும் நீல நைலும் அத்பாரா ஆறும் கொண்டுவருவது. எத்தியோப்பிய மலைகளில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்யும் மழை. அஸ்வானில் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பெய்தாலே பெரிசு. எங்கோ பெய்த மழையில், மேகமே இல்லாத ஊரில், கொளுத்தும் வெயிலில், ஆறு பெருகும். எப்படி என்று தெரியாதவனுக்கு அது சாமிதான்.

கறுப்பு வண்டல் படிந்த நிலத்துக்கு 'கெமெட்', கறுப்பு மண். அதுதான் நாட்டுக்கே பெயர். பாலைவனம் 'தெஷ்ரெட்', சிவப்பு மண். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை. ஒரு கால் கோதுமை வயலில், இன்னொரு கால் பாலைவனத்தில் வைத்து நான் போட்டோவே எடுத்திருக்கிறேன்.

#8 செம்மண்

அண்ணே, இதுதான் எனக்குப் பிடித்த பேச்சு. தண்ணீரை எப்படி நிறுத்தினான், எப்படி வடித்தான்? யாராவது சொல்லுங்கள். ராஜா பேரெல்லாம் வேண்டாம்.

#9 ஓய்வு_வாத்தியார்

ஏரிப் பாசனம் மாதிரியும் இல்லை, கால்வாய்ப் பாசனம் மாதிரியும் இல்லை. நைலின் இரு கரையும் மேடு. அங்கிருந்து பாலைவனம் நோக்கி நிலம் மெல்லத் தாழ்கிறது. வெள்ளம் கரையைத் தாண்டி அந்தத் தாழ்வில் இறங்கும். குறுக்கே மண்கரை போட்டால் அது ஒரு பெரிய பாத்தி. கரையில் மடை வெட்டித் தண்ணீரை உள்ளே விடுவது, 40 முதல் 60 நாள் நிறுத்துவது, வண்டல் படிந்ததும் அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ வடிப்பது. ஈரச் சேற்றில் விதையைத் தூவி ஆடு மாடுகளை விட்டு மிதிக்கச் செய்வார்கள். அதற்கப்புறம் அறுவடை வரை அநேகமாகப் பாசனமே கிடையாது.

வடியும் தண்ணீர் உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும். மெசபடோமியாவின் தென்பகுதி வயல்கள் உவர் ஏறிக் கெட்டன. எகிப்து ஆயிரக்கணக்கான வருஷம் விளைந்தது. பெரும் காரணம் இந்த வடிகால். விதைத்ததும் வாற்கோதுமை, எம்மர் கோதுமை. எம்மர் நமக்கும் அந்நியமில்லை, கடையில் சம்பா கோதுமை என்று விற்கும் இனம்தான்.

காலண்டரே இதை வைத்துத்தான். வெள்ளம் 4 மாதம், நிலம் வெளிப்பட்டு முளைக்கும் காலம் 4 மாதம், அறுவடைக் காலம் 4 மாதம். மாதம் 30 நாள், கடைசியில் 5 நாள் சேர்த்து 365. நாலு வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டாததால் காலண்டர் வெள்ளத்தை விட்டு நழுவிக்கொண்டே போனது என்பது தனிக் கூத்து.

நம் ஏற்றத்தைப் போன்ற 'ஷாதூஃப்' புதிய ராஜ்ஜியக் காலத்துப் படங்களில்தான் வருகிறது. அதாவது பிரமிடு கட்டி ஆயிரம் வருஷம் கழித்து.

#10 நைல்_நிழல்

இவ்வளவு பெரிய பாசனத்தை நடத்த ஒரு வலுவான அரசன் வேண்டாமா? தண்ணீரைப் பங்கிடத்தான் அரசே உண்டானது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். எகிப்தின் ஆதி அரசர்களில் ஒருவனான ஸ்கார்பியனின் கதாயுதத் தலையில் அவனே மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டும் படம் இருக்கிறதே.

#11 கணக்குப்பிள்ளை

இரண்டு நாளாக வேடிக்கை பார்த்தேன், இனி தாங்காது.

நைல்_நிழல், அந்தப் படத்தில் அரசன் மண்வெட்டியோடு நிற்பது நிஜம். வாய்க்காலா, கோவிலுக்கு வானம் தோண்டும் சடங்கா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மந்திரி மரக்கன்று நடும் போட்டோவை வைத்து, அரசாங்கமே தோட்டக்கலையால் உண்டானது என்று சொல்ல முடியுமா? கார்ல் பட்ஸர் போன்றவர்கள் காட்டியது இதுதான்: பாத்திப் பாசனம் ஊர் அளவில் நடக்கக்கூடியது. பிரமிடு கட்டிய காலமான பழைய ராஜ்ஜியத்தில் நாடு முழுக்க மடை திறந்து மூடிய தலைமை அலுவலகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அரசு எங்கே நுழைந்தது என்றால், விளைந்த பிறகு. என் தொழில் கணக்கு, அதனால் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். அபிடோஸில் யு-ஜே என்று பெயரிட்ட கல்லறை. 1988-ல் ஜெர்மன் ஆய்வாளர் குந்தர் டிரையர் குழு தோண்டியது, காலம் சுமார் கி.மு. 3200. கிடைத்ததில் முக்கியமானது தங்கமில்லை, தபால்தலை அளவில் எலும்பிலும் தந்தத்திலும் செய்த சீட்டுகள், நூற்றைம்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் கட்டுவதற்கு ஓட்டை. சிலதில் எண், சிலதில் பறவை, யானை, மலை என்று குறிகள். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த ஊரிலிருந்து! எகிப்திய எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் இவை சேர்த்தி. கவிதை இல்லை, வேண்டுதல் இல்லை. சரக்குச் சீட்டு.

அப்புறம் பலெர்மோ கல். ஐந்தாம் வம்சம் வரையிலான ஆண்டுக் குறிப்பு. ஆண்டுக்கு ஒரு கட்டம். அதில் திருவிழா, மாடு கணக்கெடுப்பு போன்றவை, அடியில் அந்த ஆண்டு வெள்ளத்தின் உயரம் முழம், உள்ளங்கை, விரல் வரை. ஏன் விரல் வரை அளக்கவேண்டும்? இவ்வளவு ஏறினால் இவ்வளவு விளையும், இவ்வளவு வரி போடலாம் என்று விதைக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும். செம்மண் கேட்டாரே நன்கொடையா என்று. நன்கொடைக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை.

#12 செம்மண்

கணக்குப்பிள்ளை அண்ணே, உங்கள் தொழில்காரர்கள் 5,000 வருஷமாகவே எங்கள் களத்துமேட்டில்தான் நிற்கிறார்கள் போல 😄

#13 குமரிக்கண்டன்

எல்லாம் சரி. ஆனால் எகிப்தியருக்கு நாகரிகம் கொடுத்தது தமிழன் என்பதை ஏன் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? எகிப்தில் தமிழ் எழுத்துப் பானை கிடைத்திருக்கிறது. தேடிப் பாருங்கள்.

#14 ஓய்வு_வாத்தியார்

தம்பி, பானை கிடைத்தது உண்மை, ஆண்டைக் கவனிக்கவேண்டும். செங்கடல் கரையில் குஸெய்ர் அல் கதீமில் தமிழ்ப் பிராமி எழுதிய ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள், இன்னொன்றில் 'பானை ஒறி'. ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். அதே கரையில் பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் 7.5 கிலோ மிளகு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இவை ரோமானியர் ஆண்ட காலத்தவை. முதல் அரசன் நார்மருக்கும் அந்தக் கண்ணனுக்கும் நடுவே 3,000 வருஷம் கிடக்கிறது. கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்செஸ் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. நம் மலைச் சரக்கு அவ்வளவு முன்னால் போயிருக்கிறது என்பதே பெரிய விஷயம். அவனும் நார்மருக்கு 1,900 வருஷம் பிந்தியவன்.

நாகரிகத்தை வெளியாள் கொண்டுவந்தான் என்ற பேச்சும் புதிதல்ல. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1894-95-ல் நக்காதாவில் ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டியபோது, பானைகள் வேறு மாதிரி இருந்ததால் 'புது இனம்' ஒன்று படையெடுத்து வந்தது என்றார். தப்பு. அது வம்சங்களுக்கு முந்திய எகிப்தியரே என்று பிறகு தெரிந்தது. அந்த மனிதர் அதே பானைகளை வைத்து, எது முந்தி எது பிந்தி என்று வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்ததுதான் அழகு. பிடிப்பதற்கு நெளிநெளியாகக் கைப்பிடி வைத்த பானை. காலம் போகப் போக அந்தக் கைப்பிடி சுருங்கி, கடைசியில் வெறும் நெளிகோடாக மிஞ்சியது. உபயோகம் போய் அலங்காரம் மட்டும் மிச்சம். அந்த ஒரு தேய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, ஆண்டு எதுவும் தெரியாமலே ஆயிரம் வருஷத்தை வரிசையில் நிறுத்தினார்.

#15 நெறியாளர்

பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்ற நான்கு பதிவுகளை அகற்றியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் நிம்மதியாகச் சண்டை போடவும்.

#16 நைல்_நிழல்

#11-க்கு நன்றி, கல்லூரி நோட்டைத் திருத்திக்கொள்கிறேன். வெளியாள் இல்லையென்றால் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு நான் படித்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் சார் திருத்தட்டும்.

சகாரா எப்போதும் பாலைவனமாக இருந்ததில்லை. எகிப்தின் தென்மேற்கு மூலையில், இன்று சொட்டு நீரில்லாத கில்ஃப் கெபீரில், மனிதர்கள் நீந்துவது போன்ற குகை ஓவியம் இருக்கிறது. 1933-ல் அல்மாஷி கண்டுபிடித்தார். அபு சிம்பெலுக்கு மேற்கே நப்டா பிளாயாவில் மாடு மேய்த்தவர்கள் ஏரியோரம் வாழ்ந்து, மாட்டுக்குக் கல்லறை கட்டி, வட்டமாகக் கல் நட்டிருக்கிறார்கள். மழைப் பட்டை மெல்லத் தெற்கே இறங்க, ஏரிகள் வற்ற, ஜனங்கள் ஆற்றை நோக்கி ஒதுங்கினார்கள். சுமார் 5,000 வருஷத்துக்கு முன்னால் அது முழுக்கக் காய்ந்தது. எகிப்து ஒரே அரசாகத் திரண்டதும் அந்த நேரத்தில்தான்.

கோதுமை, வாற்கோதுமை, ஆடு எல்லாம் மேற்காசியாவிலிருந்து வந்தவை. ஆனால் அங்கே விவசாயம் தொடங்கிப் பல ஆயிரம் வருஷம் கழித்துத்தான் எகிப்தில் வேரூன்றியது. ஆற்றில் மீன் இருக்கும்போது மண்வெட்டியை எடுப்பானேன்! ஃபாயூமில் வைக்கோல் பாய் பொதித்த தானியக் குழிகளை 1920-களில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் தோண்டியெடுத்தார், வயது 6,000 வருஷத்துக்கும் மேல்.

#17 அஸ்வான்_ரிட்டர்ன்

நார்மர் பேச்சு வந்ததால்: கெய்ரோ மியூசியத்தில் 'நார்மர் பலகை' என்கிற செதுக்கிய கல்லை மூன்று தடவை பார்த்தேன். 64 செ.மீ. உயரம். கண்மை அரைக்கும் கல் என்றால் நம்புவீர்களா? மை அரைக்க நடுவில் குழிவட்டம், அதைச் சுற்றி நீளக்கழுத்து மிருகங்கள் இரண்டு. ஒரு பக்கம் அரசன் தெற்கின் வெள்ளைக் கிரீடத்தில், மறுபக்கம் வடக்கின் சிவப்புக் கிரீடத்தில். பெயரை ஒரு கெளுத்தி மீனும் ஒரு உளியும் வரைந்து எழுதியிருக்கிறார்கள்: நார், மெர். அவ்வளவுதான் நார்மர்.

#18 அடுப்படி_அறிஞர்

பரீட்சை முடிந்துவிட்டது, நான்தான் முடிக்கவில்லை 🙂 பிரமிடு கட்டியதும் இந்த வெள்ள மாதத்தில்தானா? வேலையில்லாத விவசாயிகளை வைத்து என்று புத்தகத்தில் ஒரு வரி போகிறது.

#19 கணக்குப்பிள்ளை

அம்மா, அந்தக் கேள்விக்கு ஒரு ஆளே பதில் எழுதிவைத்திருக்கிறார். பெயர் மெரெர். படகுக் குழுவின் மேற்பார்வையாளர், கீழே சுமார் 40 பேர். செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் 2013-ல் பியர் தலே குழு அவருடைய பாப்பிரஸ் குறிப்பேட்டைக் கண்டெடுத்தது. கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய அரசன் குஃபு ஆட்சியின் கடைசி வருஷங்கள், எழுத்துள்ள பாப்பிரஸில் கிடைத்ததிலேயே பழையது.

என்ன எழுதியிருக்கிறார்? இன்று துராக் குவாரியில் கல் ஏற்றினோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் கிசாவில் இறக்கினோம், காலியாகத் திரும்பினோம். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. லாரி டிரைவர் டிரிப் ஷீட் எப்படி இருக்குமோ அப்படி. ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஓடும் குறிப்பு, அதாவது வெள்ளக் காலம். ஆறு ஏறினால்தான் கல் ஏற்றிய படகு கிசா மேட்டடிக்கு வரும். 146 மீட்டர் உயரப் பிரமிடின் வெளியே போர்த்திய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் இப்படித்தான் வந்தது. ஆனால் மெரெர் ஆட்கள் வேலையில்லாத விவசாயிகள் இல்லை. முழுநேரக் குழு, அடுத்து கடலுக்கும் போனவர்கள்.

#20 செம்மண்

சரி. தண்ணீர் வரவே இல்லையென்றால்?

#21 ஓய்வு_வாத்தியார்

அதையும் ஒருவன் எழுதிவைத்தான். கி.மு. 2200 வாக்கில் வெள்ளம் தொடர்ந்து தாழ்ந்தது. அரசு உடைந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், மாவட்ட அதிகாரிகள் ஏற்கெனவே சிற்றரசர் போலாகிவிட்டிருந்தார்கள். அதில் ஒருவன் அன்க்திஃபி. மோஅல்லாவில் அவன் கல்லறைச் சுவரில், மேல் எகிப்து முழுவதும் பசியால் சாகிறது, பெற்ற பிள்ளையைத் தின்கிறார்கள், என் மாவட்டத்தில் மட்டும் யாரையும் பசியால் சாகவிடவில்லை என்று இருக்கிறது. தற்பெருமைக் கல்வெட்டு, மிகை இருக்கும். ஆனால் 'எல்லோருக்கும் சோறு போட்டேன்' என்பது பெருமையாகிற காலம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, கற்பனை இல்லை. எத்தியோப்பிய மழையும் நம் தென்மேற்குப் பருவமழையும் ஒரே பருவக்காற்று அமைப்பின் பங்காளிகள். பெரிய எல் நினோ வந்தால் இரண்டும் சேர்ந்து பொய்ப்பது உண்டு. 1877-ல் நைல் வெள்ளம் மிக மோசமாகத் தாழ்ந்தது. அந்த வருஷம் இங்கே என்ன நடந்தது?

#22 செம்மண்

தாது வருஷப் பஞ்சம். எங்கள் தாத்தாவுக்கு அவர் அப்பா சொன்ன கதைகள் இருக்கின்றன. இது எனக்குத் தெரியாது சார்.

#23 அடுப்படி_அறிஞர்

விடைத்தாள் வந்தது. மகள் 'நன்கொடை' கேள்விக்கு "ஹெரோடோடஸ் டெல்டாவை மட்டும்தான் சொன்னார்" என்று எழுதி, சீட்டு, வரி, முழம் எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம் நிரப்பியிருக்கிறாள். இரண்டு மார்க் கேள்விக்கு ஒன்றரை மார்க். ஓரத்தில் டீச்சர் 'அளவாக எழுது' என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் அட்லஸ் தலைகீழாகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. தெற்கு மேலே. சரிபண்ண விடமாட்டேன் என்கிறாள்.